முதல் கைத்தட்டு

அச்சடித்து வந்திருந்த நிகழ்ச்சி நிரலில் நான்காவது வரிக்கு வந்ததும் அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது. முதல் வரி வரவேற்பு. இரண்டாவது, படத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம். மூன்றாவது, பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவில், இசைக்குழுவிலுள்ள நர்ஸின் வாசிப்பு. நான்காவதாக, 'முரசு வாசிப்பவர் மன்னிப்புக் கோரிச் சில வார்த்தைகள்' என்று போட்டிருந்தது. ஐந்தாவது, அந்தப் பாட்டு. முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். எழுத்து எவ்வளவு பொடியாக இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இருந்தும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள். துடைத்தால் மாறிவிடுமா என்ன? மன்னிப்பு மன்னிப்பாகவே இருந்தது.

பள்ளிக்கூட அரங்கின் சுவர்க் கடிகாரம் காலை பத்தேகால் காட்டியது. பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. மேடையில் மூன்று பேர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் நகர்த்த, மூன்றாமவர் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருந்தார். இருபத்தோரு வருஷமாக அந்த நாற்பது நாற்காலியையும் ஒற்றை ஆளாகப் போட்டவர் அவள் புருஷன். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்றைய நிகழ்ச்சியே அவர் நினைவாகத்தான். அவள் நிரலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மேடை ஓரத்தில் காகிதக் கட்டோடு நின்றிருந்த வாத்தியாரிடம் போனாள்.

குழுவை நடத்துகிறவர் அவர். பகலில் இதே பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார். நோட்டீஸில் 'நடத்துநர்' என்று போட்டால் எந்த பஸ்ஸுக்கு என்று கேட்கிறார்கள் என்பதால் எல்லோரும் வாத்தியார் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

"சார், இந்த நாலாவது வரி…"

"அதுவா? நான் எழுதலம்மா. அவரே கேட்டாரு. அண்ணன் படத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லாம இந்தப் பாட்டுக்குக் கை வைக்க மாட்டேன்னுட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் மறுபடி குச்சியைத் தொடறாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"அவர் மன்னிப்பு கேக்கறதுக்கு என்ன சார் இருக்கு?"

வாத்தியார் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவளை நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார். "உங்களுக்குப் பெரிய மனசும்மா. அண்ணனும் இப்படித்தான். அன்னைக்கு அவ்வளவு பெரிய அவமானம் நடந்தும், அந்த ஆளைப் பத்தி ஒரு நாள், ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல."

சொல்லிவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடிவிட்டார். அவள் அங்கேயே நின்றாள். குறை சொன்னதில்லையாம். எப்படிச் சொல்வார்? சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் ஏது?

அவள் புருஷனுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. விசில் அடித்தால்கூட வெறும் காற்றுதான் வரும். தொழில் லிப்ட் மெக்கானிக். எதிர்க் கட்டடத்து லிப்டைப் பழுது பார்க்க வந்தவர், இந்த அரங்கிலிருந்து வந்த சத்தம் என்னவென்று பார்க்கக் கையில் கிரீஸோடு உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் நுழைந்தவர்தான். புதன்கிழமை ஒத்திகை என்றால் காய்ச்சல் அடித்தாலும் போய்விடுவார். இசைக் குறிப்புத் தாள் தாங்கிகளுக்குத் திருகாணி முடுக்குவது, வராதவர்களுக்குப் போன் போட்டு உயிரை வாங்குவது, பெரிய வாத்தியங்களைத் தன் வேனில் ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்தான். வேலை முடிந்ததும் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. மூணாவது வரிசை வந்தாச்சா, மூணாவது வரிசை என்ன சொல்றாரு என்று தபால் பிரிக்கிறவரும் பல் பிடுங்குகிறவரும் ஆளாளுக்கு அவர் வாயைப் பார்ப்பார்கள். பொழுதெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, வாரம் ஒரு நாள் ஆசைக்கு வாசிக்க வருகிறவர்கள். நன்றாக இருந்தது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. தன் கல்யாண நாளை மறந்தாலும் போன மாதம் ரெண்டாவது வயலின் எங்கே சறுக்கியது என்பதை மறக்காத மனுஷன். அவள் எத்தனை புதன்கிழமை தனியாகச் சாப்பிட்டிருப்பாள் என்று கேட்டால், அவளுக்கே கணக்கு தெரியாது.

இவர்கள் வாசிக்கிற மேற்கத்தியப் பாட்டுகளில் பாடுகிறவர் யாரும் கிடையாது. இருந்தும் குழுவில் அதைப் பாட்டு என்றுதான் சொல்வார்கள். கேட்க வருகிறவர்களுக்கு அதில் ஒரு பெரிய தலைவலி, எங்கே முடிகிறது என்று தெரியாது. நடுநடுவே நிற்கும். முடிந்துவிட்டது என்று கை தட்டினால் மறுபடி கிளம்பும், தட்டினவர் அசடு வழிய வேண்டியதுதான். அதனால் இந்த அரங்கில் ஒரு வழக்கம் தானாக வந்து சேர்ந்தது. முதல் கை மூணாவது வரிசையுடையது. அவர் தட்டினால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் தட்டாதவரை யாரும் விரலை அசைக்க மாட்டார்கள். இருபத்தோரு வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் தவறினார்.

அவருக்குக் காது கேட்காது என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. லிப்ட் மோட்டார் அறைகளில் கிடந்து கிடந்து மெல்ல மெல்லப் போய், கடைசி ஆறு வருஷம் சுத்தமாகவே அடைத்துவிட்டது. காது மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தார். ஒரு ஒத்திகை முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து, அதைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேச்சு கேக்குது. வயலின் எல்லாம் தகர டப்பாவுல ஆணியைப் போட்டு ஆட்டற மாதிரி இருக்கு. இதுக்குக் கேக்காமலே இருக்கலாம்." அதோடு சரி. இயல்பிலேயே வாயாடி, யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளாதவர் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போனில் தான் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நேரில் என்றால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அவள் தன் கடையில் அவருக்கென்று ஒரு கண்ணாடி செய்து கொடுத்தாள். மூன்றாவது வரிசையிலிருந்து மேடையின் கடைசிவரை எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து, அந்தத் தூரத்துக்கென்றே பவர் பார்த்துச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டால் வயலின் வில்லின் நுனி நடுங்குவதுகூடத் தெரியும் என்பார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரையில் பாதத்தைப் பதித்துக்கொள்வார். பெரிய வாத்தியங்களின் அதிர்வு கால் வழியாக வரும். பார்க்கிறவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒத்திகை முடிந்ததும், "ரெண்டாவது வயலின்ல ஒருத்தர் பின்தங்கறாரு" என்பார். வில்லைப் பார்த்துச் சொல்வது அது. "காதா அது, தராசு" என்று வாத்தியார் மெச்சிக்கொள்வார். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போது கூசியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தவறியதும் இதே பாட்டில்தான். அதில் முடிவுக்கு முக்கால் நிமிஷம் முன்பு எல்லா வாத்தியமும் ஒரே அடியாக நிற்கும். முரசு வாசிப்பவர் மனசுக்குள் நாலு எண்ணுவார். குழுவில் அந்த இடத்துக்குப் பள்ளம் என்று பெயர். நாலாவது எண்ணிக்கையில் முரசு மட்டும் மெதுவாக ஆரம்பிக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். முரசு என்றால் செம்பில் பெரிது பெரிதாக இரண்டு. சமையலுக்கு வைத்துக்கொண்டாலும் ஆகும் போலிருப்பதால் அண்டா என்றே சொல்வார்கள், வாசிக்கிறவரை அண்டாக்காரர் என்பார்கள். அவர் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். அண்டா அடித்ததும் சும்மா இருக்காது, முனகிக்கொண்டே இருக்கும். பள்ளம் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் இரண்டு உள்ளங்கையையும் தோலின் மேல் வைத்து அமுக்க வேண்டும். பாட்டு முடியும்போதும் அப்படித்தான் அமுக்குவார். காதை மூடிக்கொண்டு பார்த்தால் பள்ளமும் முடிவும் ஒன்றே போல்தான் இருக்கும்.

அன்றைக்கு வானொலிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவள் அபூர்வமாகப் புருஷனோடு கூடப் போயிருந்தாள். பாட்டின் பாதியில் வானொலி ஆள் ஒருவன் மைக்கைச் சரிசெய்கிறேன் என்று வந்து அவருக்கு நேர் முன்னால் நின்றுகொண்டான். அவர் இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்தார். எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தவறிவிட்டது. அவன் விலகியபோது வில்லெல்லாம் நின்றிருந்தது, வாத்தியார் கை அந்தரத்தில் இருந்தது, அண்டாக்காரரின் உள்ளங்கைகள் தோலின் மேல் படிந்திருந்தன. அவள் புருஷன் ஒன்றிரண்டு நொடி உற்றுப் பார்த்தார். தட்டினார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. வானொலி அறிவிப்பாளர், இத்துடன் நிகழ்ச்சி முடிவடைகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டார். அந்த முக்கால் நிமிஷத்தை வாசிக்கவே முடியாமல் போயிற்று. அண்டாக்காரரின் கைகள் சரியான எண்ணிக்கையில் மேலே வந்து, குச்சியோடு காற்றில் நின்றதை அவள் பார்த்தாள். அவள் மட்டும்தான் பார்த்தாள். வாத்தியார் பள்ளத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர். மற்றவர்களுக்கு அண்டா முதுகுக்குப் பின்னால்.

மேடைக்குப் பின்னால் ஒரே ரகளை. மூணாவது வரிசை தப்பாகத் தட்டவே மாட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்படியானால்? "நாலு எண்ணச் சொன்னா நீங்க ஏழெட்டு எண்ணியிருக்கீங்க. அவ்வளவு நேரம் சும்மா இருந்தா யாருதான் முடிஞ்சுருச்சுன்னு நினைக்க மாட்டாங்க?" என்று வாத்தியார் அண்டாக்காரரைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷன் மறுக்கக்கூட இல்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த புதன்கிழமை முதல் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனின் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள், பாட்டு முடியவில்லை என்று. அவர் வெகுநேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றார். போய்விட்டு வந்து, அவன் வரவில்லை என்றார். அடுத்த புதன்கிழமையும் அதையே சொன்னார். மூன்றாவது வாரம் அவள் விடாமல் பிடித்தபோது, "சொன்னா என்னை உள்ள விடாமலா இருப்பாங்க? விடுவாங்க. நல்ல மனுஷங்க. ஆனா அதுக்கப்புறம் ஒருத்தரும் என்கிட்ட வந்து, எப்படி இருந்துச்சுன்னு கேக்க மாட்டாங்கடி" என்றார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் புதன்கிழமைகளை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது டிவியும் மாத்திரையும்தான் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக வாரா வாரம் அண்டாக்காரர் கடைக்குப் போய் ரொட்டி வாங்கினாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு நாலு ரொட்டி. ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவாள். அவர் ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, கவனமில்லாமல் மேசையில் விரலால் நாலு தட்டுவார். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி தட்டுவார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

கடிகாரம் பத்து முப்பத்தைந்து. இனியும் நின்றுகொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அவள் மேடைக்குப் பின்னால் போனாள்.

உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த அறையில் அண்டாக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மடியில் ஒரு தாள்.

"வாங்கக்கா. உக்காருங்க. எழுதி வச்சிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க. எனக்கு மாவுக் கணக்கு எழுதித்தான் பழக்கம்."

அவள் வாங்கிப் படித்தாள். 'அன்று நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். என்னால் பாட்டு பாதியில் நின்றது. வாழ்நாளில் ஒரு முறையும் தவறாதவர் என்னால் தவறாகக் கைதட்ட நேர்ந்தது. அந்த அவமானத்தை அவர் பொறுத்துக்கொண்டார். அவர் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இப்போது கேட்கிறேன்.' எழுத்துகள் ஒவ்வொன்றும் அழுத்தி அழுத்தி எழுதப்பட்டிருந்தன.

"இதைப் படிக்காதீங்க தம்பி."

"ஏன்க்கா, நீளமா இருக்கா?"

"நீங்க நாலுதான் எண்ணினீங்க. நான் பார்த்தேன். சரியா உங்க கை மேல வந்துச்சு."

அவர் புரியாமல் பார்த்தார். "அப்ப அண்ணன் ஏன் தட்டினாரு?"

"அவருக்குக் காது கேக்காது."

அண்டாக்காரர் சிரித்தே விட்டார். "யாருக்கு? அண்ணனுக்கா?"

"ஆறு வருஷமா. எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னாரு. அதுக்குக் கண்ணாடி பண்ணிக் குடுத்தது நான்தான். அன்னைக்கு அந்த ரேடியோக்காரன் மறைச்சுட்டான், அவருக்கு இடம் தப்பிப் போச்சு. உங்க கை தோல் மேல இருந்ததைப் பார்த்து முடிஞ்சுருச்சுன்னு தட்டிட்டாரு."

அவர் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் விரல்கள் முழங்காலில் நாலு தட்டின. நின்றன.

"நாலுதானே?"

"நாலுதான்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. நாலு."

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. துடைத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு வருஷம்க்கா. மாவு பிசையறப்பல்லாம் எண்ணுவேன். ஒரு நாள் நாலு வரும். ஒரு நாள் ஆறு போயிட்ட மாதிரி இருக்கும். என் கையை நானே நம்பல." அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். சொல்லியாகிவிட்டது, இனி இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார், வெளியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, செத்தவர் பெயரும் தப்பித்தது என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போது அவர் கேட்டார்.

"அண்ணனுக்குத் தெரியுமா? தப்பு தன்னோடதுன்னு?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். போனவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியும். அன்னைக்கே நான் சொன்னேன்."

"அப்ப உங்களுக்கும் தெரியும்."

"தெரியும்."

"வாரா வாரம் வந்து ரொட்டி வாங்கினீங்களே."

அவள் தரையைப் பார்த்தாள். வெளியே வயலின்கள் சுதி சேர்க்கத் தொடங்கியிருந்தன.

"என்கிட்ட மட்டும் காதைக் கடிச்சா என்னக்கா பிரயோஜனம்?" அவர் குரல் உயரவில்லை. "எண்ணத் தெரியாதவன்னு சொன்னது நாப்பது பேர். அவங்கல்லாம் அதோ உக்காந்திருக்காங்க."

"நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா எவன் நம்புவான்? செத்த மனுஷன் மேல பழியைப் போடறான்னுதான் சொல்வாங்க." அவர் தாளை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மடித்தார். "என் பேரைக் கூப்பிட்டா நான் எழுந்து இதைத்தான் படிப்பேன். எனக்கு வேற பேப்பர் இல்லக்கா."

மணி அடித்தது.

மூன்றாவது வரிசையில் புருஷனின் நாற்காலியிலேயே அவளை உட்கார வைத்தார்கள். முதல் கை இன்றைக்கு நீங்கள்தான் தட்ட வேண்டும், நான் கையை இறக்கியதும் தட்டுங்கள் என்று வாத்தியார் இரண்டு வாரத்துக்கு முன்பே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அரங்கம் நிரம்பியிருந்தது. மேடை ஓரத்தில் புருஷனின் படம், அவள் செய்து கொடுத்த அதே கண்ணாடியோடு. மௌனத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். அப்புறம் பிரசவ வார்டு நர்ஸ் செல்லோவோடு வந்தாள். வாசிக்கும் முன் மைக்கில், "எங்கம்மா போனப்ப இதை வித்துடலாம்னு இருந்தேன். ஒத்திகை முடிஞ்சு அண்ணன் வந்து, இன்னைக்கு உன் செல்லோ பேசிச்சும்மான்னாரு. அவர் காதுக்குப் பேசினது போதும்னு வச்சுக்கிட்டேன்" என்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது, அவர் காது அடைத்துப்போன பிறகு. ஒருவருக்கு நியாயம் செய்யப் போய் எத்தனை பேர் வயிற்றில் அடிக்க வேண்டியிருக்கும் என்று அதுவரை அவளுக்கு உறைக்கவே இல்லை. நர்ஸ் வாசித்ததில் ஒரு ஸ்வரம்கூட அவள் காதில் ஏறவில்லை. முடிந்ததும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தட்டினாள். அவர்களும் தட்டினார்கள்.

அண்டாக்காரர் மேடையின் பின்பக்கத்திலிருந்து நடந்து வந்து மைக்கின் முன் நின்றார். தாளைப் பிரித்தார். அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை அவள் தலையை அசைத்திருப்பாள், கெஞ்சியிருப்பாள்.

"அன்று நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன்," என்று படித்தார். "என்னால் பாட்டு பாதியில் நின்றது. வாழ்நாளில் ஒரு முறையும் தவறாதவர்…"

அவள் எழுந்ததில் மடக்கு நாற்காலி படாரென்று மூடிக்கொண்டது. முந்நூறு தலை திரும்பியது. இனி உட்கார முடியாது.

"அவர் தவறவிடல," என்றாள். மைக் இல்லை, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்தான் வந்தது. யாரோ என்ன என்ன என்றார்கள். அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். "இவர் சரியா நாலுதான் எண்ணினாரு. தப்பாத் தட்டினது என் வீட்டுக்காரர். அவருக்குக் காது கேக்காது. ஆறு வருஷமாக் கேக்காது. அன்னைக்கே அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லல. ரெண்டு பேரும் சொல்லல."

வாத்தியாரின் வாய் திறந்தபடி நின்றது. அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் அவள் புருஷன் தன்னிடம் என்னென்ன சொன்னார் என்று நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. சண்டை வந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். நர்ஸ்தான் முதலில் பேசினாள், வில்லை மடியில் வைத்துக்கொண்டு.

"அப்ப என்கிட்ட சொன்னது?"

"பார்த்துச் சொன்னாரும்மா." அவள் படத்திலிருந்த கண்ணாடியைக் காட்டினாள். "நீ வாசிச்சப்ப உன் பக்கத்துல ரெண்டு பேரு, தாங்க வாசிக்கறதை விட்டுட்டு உன்னையே பார்த்தாங்களாம். வீட்டுக்கு வந்து சொன்னாரு."

நர்ஸ் குனிந்து, ஏற்கெனவே சுதி சேர்த்திருந்த தந்தியை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தாள். அண்டாக்காரர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து தன் இடத்துக்குப் போனார். யாரோ ஒருவர் அவருக்கு வழிவிட்டு எழுந்து நின்றார். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். எதற்குப் போனார்கள் என்று தெரியவில்லை. வாத்தியார் வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாத ஆள் மாதிரி, கையைத் தூக்கினார்.

பாட்டு தொடங்கியது. அவள் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். புருஷனை இத்தனை பேர் முன்னால் உரித்துப் போட்டுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர்மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு புதன்கிழமை, நீ சொல்லியிருக்கலாமே ஐயா. இதை எனக்கு வைத்துவிட்டா போவாய்? படத்திலிருந்தவர் கண்ணாடி வழியாக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன நினைத்தாளோ, இரண்டு உள்ளங்கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள். முதலில் பாட்டு விரல் இடுக்கில் கசிந்தது. இன்னும் அழுத்தினாள். தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

இப்போது மேடையில் கைகள் மட்டும் இருந்தன. வில்லுகள் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. ஒருவர் பின்தங்கினார்; அவளுக்கே தெரிந்தது. ஊதுகிறவர்களின் கன்னம் உப்பியது. நர்ஸின் வில் போகிற போக்கைப் பார்த்து அவள் கோபமாக வாசிக்கிறாளா, அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முயன்றாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாட்டு எங்கே இருக்கிறது என்பது தவறிவிட்டது. எவ்வளவு நேரம் போயிற்று? பள்ளம் வந்து போய்விட்டதா, இனிமேல்தான் வருமா? பாதத்தால் தரையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றினாள். பலகையின் அதிர்வு லேசாகக் கூசியது, பிறகு அதுவும் நின்றது.

வில்லெல்லாம் நின்றிருந்தன. வாத்தியாரின் கை அந்தரத்தில் இருந்தது. இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா? அண்டாக்காரர் இரண்டு உள்ளங்கையையும் தோலின் மேல் படியவைத்து, செம்பு விளிம்புக்கு மேலாக நேரே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து ஆள் அவள் பக்கம் திரும்பினார். வலப்பக்கத்து ஆளும் திரும்பினார். முன்வரிசையில் ஒரு அம்மாள் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். அரங்கம் முழுவதும் அவள் கைகளைப் பார்த்துக் காத்திருந்தது, கைகள் இரண்டும் காதோடு ஒட்டியிருந்தன.